தீனா ஆன்செல்மி உண்மையில் என்ன செய்தார்?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும். இத்தாலியின் முதல் பெண் அமைச்சர் தீனா ஆன்செல்மியை அந்நாட்டுப் பொது மருத்துவ சேவையின் தாய் என்று பலரும் எழுதுகிறார்கள். ஆனால் அவர் பிரதமராகவில்லை, கட்சித் தலைவராகவில்லை, அமைச்சராக இருந்ததும் மூன்றே வருடம்தான். அப்படியானால் இந்தப் பெயர் அவர் செய்த வேலைக்காகக் கிடைத்ததா, முதல் பெண் என்ற மரியாதைக்காகக் கிடைத்ததா? பி-2 என்ற ரகசிய சபையைப் பற்றிய விசாரணையை நடத்தியதற்காக அவரை ஓரங்கட்டினார்கள், அதன் பிறகு அவர் மறைந்துபோனார் என்கிறார்களே, அது உண்மையா? இரண்டு கேள்வி மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். ஊர் கூடி இழுத்த தேரில் இவர் பிடித்த வடம் எது என்று கேட்கிறீர்கள்.

போருக்குப் பிந்தைய இத்தாலிய அரசியலைப் பல வருடங்களாகக் கல்லூரியில் பாடமாக நடத்தி வருகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவ சேவைச் சட்டத்தில் அவர் பங்கு பெரியதுதான், ஆனால் அதை அவர் ஒருவர் பேரில் எழுதுவது சரியில்லை. அவருடைய பெயரைத் தயங்காமல் போடக்கூடிய வேலைகள் வேறு இரண்டு: 1977-இல் வந்த ஆண் பெண் வேலைச் சமத்துவச் சட்டம், அப்புறம் பி-2 விசாரணைக் குழு. இணையத்தில் இவற்றைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அதனால்தான் இந்தப் பதில் நீளமாகப் போகிறது.

ஆன்செல்மி 1927 மார்ச் 25 அன்று வெனெத்தோ பகுதியில், த்ரெவீசோ மாகாணத்தின் காஸ்தெல்ஃபிராங்கோ வெனெத்தோ என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா மருந்துக்கடை உதவியாளர். சோஷலிஸ்ட் என்பதால் ஃபாசிஸ்டுகளின் தொல்லைக்கு ஆளானவர். பக்கத்து ஊரான பஸ்ஸானோ டெல் கிராப்பாவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் ஆன்செல்மி படித்துக்கொண்டிருந்தபோது, 1944 செப்டம்பர் 26 அன்று, ஜெர்மானியப் படையும் இத்தாலிய ஃபாசிஸ்டுகளும் பிடித்துவைத்திருந்த 31 பேரை அந்த ஊர்ச் சாலையோர மரங்களில் வரிசையாகத் தூக்கிலிட்டார்கள். பள்ளி மாணவர்களைக் கூட்டிவந்து அதைப் பார்க்கவும் வைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் 17 வயது ஆன்செல்மியும் இருந்தார். அதன் பிறகுதான் எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தார். கப்ரியெல்லா என்ற புனைபெயரில், சைக்கிளில் ஒரு குழுவிடமிருந்து இன்னொரு குழுவுக்குச் செய்தி கொண்டுபோகும் தூதுப் பெண்ணாக வேலை செய்தார். அதே ஆண்டு டிசம்பரில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியிலும் சேர்ந்தார். அவர் பின்னால் எடுத்த முடிவுகள் எல்லாவற்றையும் அந்த மரத்தடியோடு முடிச்சுப்போடும் பழக்கம் வரலாறு எழுதுபவர்களிடம் உண்டு. அரசியலுக்குள் வந்த காரணம் அதுதான் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார், அதுவரை ஒப்புக்கொள்ளலாம். அதற்கு மேல் இழுக்கத் தேவையில்லை.

போர் முடிந்ததும் மிலானின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கினார், தொடக்கப்பள்ளியில் ஆசிரியராக இருந்தார். கூடவே தொழிற்சங்க வேலை. முதலில் நெசவுத் தொழிலாளர்கள் நடுவே, பிறகு ஆசிரியர் சங்கத்தில். அவர் இறங்கிய அந்த நெசவுத் துறையை வெறும் ஒரு வரியில் தாண்டக் கூடாது. வெனெத்தோவின் பட்டு நூற்பாலைகளில் வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். கொதிநீர்த் தொட்டியில் மிதக்கும் பட்டுக்கூட்டிலிருந்து இழையின் நுனியை விரலால் தேடிப் பிடித்து இழுக்க வேண்டும். நாள் முழுக்கக் கை சூட்டிலும் ஈரத்திலும் இருக்கும். அதே கூரையின் கீழ் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி. முப்பது வருடம் கழித்து இவர் சட்டம் போட்டது இந்த மாதிரி இடங்களை நேரில் அறிந்துதான்.

1968-இல் வெனிஸ்-த்ரெவீசோ தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். 1992 வரை தொடர்ந்து உறுப்பினர். 1974 முதல் தொழிலாளர் துறையில் துணை அமைச்சர். 1976 ஜூலையில் ஜூலியோ ஆந்த்ரேயோத்தி தன் மூன்றாவது அரசை அமைத்தபோது அதே துறையின் அமைச்சர். இத்தாலியப் பெண்கள் நாடு தழுவிய தேர்தலில் முதலில் ஓட்டுப் போட்டது 1946-இல். அன்று அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்வான 556 பேரில் பெண்கள் 21. 1951-இல் ஆஞ்செலா மரியா குயிதி சிங்கோலானி முதல் பெண் துணை அமைச்சரானார். ஒரு பெண் முழு அமைச்சராக இன்னும் 25 வருடம் ஆயிற்று. அடையாளத்துக்காக ஒருவரை உட்காரவைத்தார்களோ என்ற உங்கள் சந்தேகம் இந்த இடத்தில் வருவது இயல்பு. ஆனால் அவருக்குக் கொடுத்த துறையைப் பாருங்கள். ஆலைகள் மூடிக்கொண்டிருந்த, விலைவாசி எகிறிக்கொண்டிருந்த, வேலைநிறுத்தம் ஓயாத காலம் அது. கம்யூனிஸ்டுகள் எதிர்த்து ஓட்டுப் போடாமல் விலகி நின்றதால் மட்டுமே பிழைத்திருந்த அரசு அது. சும்மா அழகுக்கு ஒருவரை வைக்க வேண்டுமென்றால் தொழிலாளர் துறையைக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

1977 டிசம்பர் 9 தேதியிட்ட 903-ஆம் எண் சட்டம் அந்தப் பதவியில் அவர் கொண்டுவந்தது. வேலைக்கு எடுப்பதில், சம்பளத்தில், பதவி உயர்வில் ஆண் பெண் என்று பிரித்துப் பார்ப்பது தடை செய்யப்பட்டது. இத்தாலிய அரசியல் சட்டத்தின் 37-ஆம் பிரிவு சம வேலைக்குச் சம உரிமை என்று 1948 முதலே சொல்லிக்கொண்டிருந்தது. நடைமுறைக்கு வரத்தான் வழியில்லை. ஐரோப்பியப் பொருளாதார சமூகமும் 1975, 1976-இல் இதே விஷயத்தில் உத்தரவுகள் பிறப்பித்திருந்ததால், எப்படியும் ஏதோ ஒரு சட்டம் வந்தாக வேண்டிய நிலை. அதனால் இது முழுக்க அவர் மூளையில் உதித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் உத்தரவை நிறைவேற்றினோம் என்று பேருக்கு ஒரு சட்டம் எழுதித் தப்பித்திருக்கலாம், அவர் அப்படிச் செய்யவில்லை. விரும்பினால் ஆண்களின் ஓய்வு வயது வரை பெண்ணும் வேலையில் தொடரலாம் என்று வந்தது. மனைவி இறந்தால் கணவனுக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு என்று வந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது ஏழாம் பிரிவு. குழந்தை பிறந்த பின் எடுக்கும் விருப்ப விடுப்பையும், பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதபோது எடுக்கும் விடுப்பையும் தாய்க்குப் பதில் தந்தை எடுத்துக்கொள்ளலாம் என்றது அது. பிள்ளை வளர்ப்பு தாயின் வேலை மட்டுமே என்று கட்சிக்காரர்கள் மேடைதோறும் பேசிவந்த நாட்களில், அந்தக் கட்சியின் அமைச்சரே இதைச் சட்டத்தில் எழுதினார்.

சட்டத்தின் பலவீனமும் தெளிவாகவே தெரியும். பாகுபாடு நடந்தது என்று நிரூபிக்கும் பாரம் தொழிலாளியின் தலையிலேயே இருந்தது. அதை ஓரளவு இலேசாக்கியது 1991-இல் வந்த 125-ஆம் எண் சட்டம். அதே 1977-இல், ஜூன் மாதம், இளைஞர் வேலைவாய்ப்புக்கென 285-ஆம் எண் சட்டமும் ஆன்செல்மியின் துறையிலிருந்து வந்தது. வேலையில்லாத இளைஞர்களுக்குத் தனிப் பட்டியல் போட்டு, அவர்களை எடுக்கும் நிறுவனங்களுக்குச் சலுகை தருவது திட்டம். தனியார் முதலாளிகள் பெரிதாக எட்டிப் பார்க்கவில்லை. வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலோர் அரசு அலுவலகங்களுக்குள்தான் போனார்கள். அவரைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது என்பது என் எண்ணம்.

சரி, மருத்துவ சேவைக்கு வருவோம். 1978 வரை இத்தாலியில் வைத்தியம் என்பது நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு காப்பீட்டு நிதி, 'மூத்துவா' என்பார்கள். அவற்றில் பெரியது 1943-இல் தொடங்கிய 'இனாம்'. சொந்த நிலத்தில் உழும் விவசாயிகளுக்கு 1954-இல்தான் நிதி வந்தது, கைவினைஞர்களுக்கு 1956-இல், சிறு வியாபாரிகளுக்கு 1960-இல். ஒரு நிதி தருவதை இன்னொன்று தராது. எந்த நிதியிலும் சேராதவர் நகராட்சியின் ஏழைகள் பட்டியலில் பெயர் எழுதிக்கொள்ள வேண்டும். நிதிகள் மருத்துவமனைகளுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி ஏறிக்கொண்டே போய், 1974-இல் அரசே அந்தக் கடனை ஏற்று, மருத்துவமனைப் பொறுப்பை மாநிலங்களிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. 1977-இல் நிதிகளைக் கலைப்பதற்கான சட்டமும் வந்துவிட்டது. ஆக, 1978 மார்ச்சில் ஆன்செல்மி சுகாதார அமைச்சரானபோது பழைய கட்டடம் இடிந்துகொண்டிருந்தது. புதிய சட்டத்தின் மசோதாவும், அவருக்கு முன்பிருந்த அமைச்சர் லூச்சானோ தல் ஃபால்கோ காலத்திலேயே தாக்கலாகி, நாடாளுமன்றக் குழுவில் இருந்தது. தொழிற்சங்கங்களும் கம்யூனிஸ்ட், சோஷலிஸ்ட் கட்சிகளும் பல வருடமாக இதற்குப் போராடியிருந்தன. 'தாய்' என்ற பட்டத்தை நான் தயங்கித்தான் ஏற்பது இந்தக் காரணத்தால்.

ஆனால் அந்த வருடம் எப்படிப்பட்டது என்று பார்த்தால் அவர் பங்கின் கனம் புரியும். மார்ச் 16 அன்று, புதிய அரசு நம்பிக்கை ஓட்டுக் கேட்கும் நாளில், ரோமில் ஃபானி தெருவில், முன்னாள் பிரதமரும் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சித் தலைவருமான ஆல்தோ மோரோவைச் சிவப்புப் படை என்ற தீவிர இடதுசாரி ஆயுதக் குழுவினர் கடத்தினார்கள். காவலர்கள் ஐந்து பேரும் கொல்லப்பட்டார்கள். மே 9 அன்று மோரோவின் உடல் கிடைத்தது. ஆன்செல்மி கட்சிக்குள் மோரோவின் பக்கம் நின்றவர். மே 13 அன்று மனநல மருத்துவமனைகளை மூடும் 180-ஆம் எண் சட்டம். மே 22 அன்று கருக்கலைப்பை அனுமதிக்கும் 194-ஆம் எண் சட்டம். டிசம்பர் 23 அன்று தேசிய சுகாதார சேவையை நிறுவும் 833-ஆம் எண் சட்டம். ஒரே அமைச்சகம், ஒன்பதே மாதம். டிசம்பர் ஆனபோது கம்யூனிஸ்டுகளோடு இருந்த புரிந்துணர்வு முறிவை நெருங்கிவிட்டது. ஜனவரியில் அவர்கள் விலகியே விட்டார்கள். மசோதா சில வாரம் தள்ளிப்போயிருந்தால் அடுத்த நாடாளுமன்றத்துக்குத்தான் போயிருக்கும். சொந்தக் கட்சியில் தயங்கியவர்களையும் எதிர்ப்பக்கத்தில் இன்னும் அதிகம் கேட்டவர்களையும் அந்தச் சில வாரங்களுக்குள் ஒரே வாக்கெடுப்பில் உட்காரவைக்க வேண்டியிருந்தது. அமைச்சராக அவர் செய்தது அதைத்தான். சட்டத்தை முதலில் சிந்தித்தவர்கள் வேறு பலர், கரைசேர்த்தது அவர்.

இலவச மருத்துவம் என்கிறார்களே, அதிலும் ஒரு திருத்தம் தேவை. 833-இன் சாரம், குடிமகன் யாராக இருந்தாலும், என்ன வேலை பார்த்தாலும் ஒரே உரிமை என்பது. எல்லாமே காசில்லாமல் என்பது அதன் சாரம் அல்ல. 1978 ஆகஸ்டில், இதே ஆன்செல்மியின் காலத்தில், 484-ஆம் எண் சட்டம் வந்து மருந்துகளுக்கு நோயாளியும் ஒரு பங்கு கட்ட வேண்டும் என்றது. இத்தாலியர்கள் இன்றைக்கும் 'டிக்கெட்' என்று சொல்லும் அந்தக் கட்டணத்தின் தொடக்கம் அங்கேதான். சேவைக்கான பணமும் நெடுநாள் சம்பளப் பிடித்தத்திலிருந்தே வந்தது. சுகாதாரத்துக்கான பிடித்தம் ஒழிந்தது 1998-இல், புதிய வரி ஒன்று வந்த பிறகுதான்.

கருக்கலைப்புச் சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. ஆன்செல்மி தினமும் ஜெபிக்கிற கத்தோலிக்கர். அவர் கட்சி அந்த மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போட்டது. ஆனாலும் சட்டம் நிறைவேறிய பிறகு பிரதமர் ஆந்த்ரேயோத்தியோடு சேர்ந்து அதில் கையெழுத்திட்ட அமைச்சர்களில் அவரும் ஒருவர். கையெழுத்திட்டதால் ஆதரித்தார் என்று சிலர் எழுதுகிறார்கள், அது தப்பு; நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்துக்கு அமைச்சர் கையெழுத்திடுவது அரசியல் சட்டக் கடமை. கடமைக்காக மட்டும் செய்தார் என்று சுருக்குவதும் எனக்குச் சம்மதமில்லை. மனசாட்சி இடங்கொடுக்கவில்லை என்று பதவி விலகியிருக்கலாம், கட்சியில் கைதட்டும் கிடைத்திருக்கும். விலகாமல், மனசாட்சியின் பேரில் மறுத்த டாக்டர்கள் ஏராளமாக இருந்த நாட்டில் அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பில் இருந்தார். நம்பிக்கை தன்னுடையது, சட்டம் எல்லாருடையது என்ற இந்தப் பிரிப்பை அவர் கடைசிவரை விடவில்லை. அவரிடம் எனக்குள்ள மரியாதையில் பெரும்பங்கு இதனால்தான்.

1979 ஆகஸ்டில் ஆட்சி மாறியபோது அவருக்கு அமைச்சரவையில் இடமில்லை. சுகாதாரத் துறை லிபரல் கட்சியின் ரெனாத்தோ ஆல்திஸ்ஸிமோவிடம் போனது. 833-ஐ எதிர்த்து ஓட்டுப் போட்ட கட்சி அது. புதிய சேவையின் தொட்டில் பருவம், அதாவது உள்ளூர் சுகாதார அலகுகளை ஒவ்வொன்றாக அமைக்க வேண்டிய காலம், அதை நம்பாதவர்கள் கையில் கழிந்தது. அந்த அலகுகளின் நிர்வாகக் குழுக்களில் கட்சிக்காரர்கள் நிறைந்ததும், 1992-இல் அவற்றை நிறுவனங்களாக மாற்றியதும் பிந்தைய கதை. அதன் பழியை ஆன்செல்மி மேல் போடுவது நியாயமில்லை.

அடுத்தது பி-2. 1981 மார்ச் 17 அன்று, மிலான் நீதிபதிகள் கெரார்தோ கொலொம்போ, ஜூலியானோ துரோனே உத்தரவின் பேரில், அரெட்சோ மாகாணத்தின் காஸ்திலியோன் ஃபிபோக்கி என்ற ஊரில், பி-2 சபையின் தலைவர் லீச்சோ ஜெல்லியின் ஆடை நிறுவன அலுவலகத்தைச் சோதனை போட்டார்கள். கிடைத்தது 962 பெயர் கொண்ட பட்டியல். அமைச்சர்கள், ராணுவத் தளபதிகள், உளவுத்துறைத் தலைவர்கள், வங்கிக்காரர்கள், பத்திரிகை ஆசிரியர்கள், அன்று தொழிலதிபராக இருந்த சில்வியோ பெர்லுஸ்கோனி. எல்லாரும் பி-2 என்ற ஒரே ரகசிய ஃப்ரீமேசன் (சகோதரத்துவச் சங்க) சபையில். மே மாதம் பட்டியல் வெளியானதும் பிரதமர் ஃபோர்லானியின் அரசு கவிழ்ந்தது. கம்யூனிஸ்டான மக்களவைத் தலைவர் நில்தே யோத்தி, விசாரணைக் குழுவின் தலைமைக்குக் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் ஆன்செல்மியைத் தேர்ந்தார். அந்தக் கட்சிக்காரர்களின் பெயரே பட்டியலில் நிறைய இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தத் தேர்வைப் பாருங்கள். இருபது மக்களவை உறுப்பினர்கள், இருபது செனட்டர்கள். 1984 ஜூலை வரை வேலை நடந்தது. இடையே, 1982 ஜூனில், ஜெல்லியோடு தொடர்புடைய வங்கிக்காரர் ரொபெர்த்தோ கால்வி லண்டன் பாலமொன்றின் கீழ்த் தூக்கில் தொங்கிய நிலையில் கிடந்தார். 1983 ஆகஸ்டில் ஜெல்லியே ஜெனீவா சிறையிலிருந்து தப்பியோடினார்.

குழு உறுதியாகச் சொன்னதையும் ஊகமாகச் சொன்னதையும் பிரித்துப் படிக்க வேண்டும். பட்டியல் உண்மையானது, நம்பத்தக்கது என்றது உறுதியான முடிவு. "எனக்குத் தெரியாமல் யாரோ என் பெயரை எழுதிவிட்டார்கள்" என்று சொன்ன பல நூறு பேரின் வாதம் அதனால் அடிபட்டது. பட்டியலில் இருந்த பட்ஜெட் துறை அமைச்சர் பியெத்ரோ லோங்கோ 1984 ஜூலையில் பதவி விலகினார். சபையின் நோக்கம் அரசைக் கவிழ்ப்பதைவிட உள்ளிருந்தே அதைத் தன் போக்குக்குத் திருப்புவது என்பதும் ஆவணங்களில் ஊன்றிய முடிவு. ஜெல்லியின் மகள் ரோம் விமான நிலையத்தில் இறங்கியபோது பெட்டியின் போலி அடித்தட்டில் அகப்பட்ட திட்ட ஆவணம் அப்படித்தான் பேசுகிறது. ஆனால் அறிக்கையில் பலரும் மேற்கோள் காட்டும் 'இரண்டு பிரமிடுகள்' படம், அதாவது கீழ்ப் பிரமிடின் உச்சியில் ஜெல்லி, அவருக்கு மேலே தலைகீழாக நிற்கும் இன்னொரு பிரமிடில் பெயர் தெரியாதவர்கள் என்பது, குழுவின் அனுமானம். அதை அனுமானமாகவே அவர்கள் வைத்தார்கள். இணையத்திலோ அதை நிரூபணமான உண்மை போல எழுதுகிறார்கள். பி-2 அரசியல் சதி செய்தது என்ற குற்றச்சாட்டிலிருந்து ரோம் நீதிமன்றம் 1994-இல் குற்றம்சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. ஜெல்லி தண்டிக்கப்பட்டது கால்வியின் ஆம்ப்ரோசியானோ வங்கி மோசடியிலும், பொலோஞ்ஞா ரயில் நிலையக் குண்டுவெடிப்பு விசாரணையைத் திசைதிருப்பியதிலும். நாடாளுமன்றக் குழுவின் அரசியல் தீர்ப்பும் நீதிமன்றத்தின் குற்றத் தீர்ப்பும் வேறு வேறு. ஒன்றை வைத்து இன்னொன்றைப் பொய் என்று சொல்ல முடியாது.

இனி ஓரங்கட்டியதைப் பற்றி. இங்கே தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். அமைச்சர் பதவி போனது 1979-இல்; பி-2 பட்டியல் கிடைத்தது 1981-இல். ஆகவே விசாரணை நடத்தியதற்காகப் பதவியைப் பறித்தார்கள் என்று எழுதுவது அப்பட்டமான தவறு. 1984-க்குப் பிறகு வந்த எத்தனையோ அமைச்சரவைகளில் ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை என்பது உண்மை. அவ்வளவு அனுபவமுள்ளவரை, கட்சியில் அவ்வளவு காலம் உழைத்தவரை, தொடர்ந்து கூப்பிடாமல் விட்டது தற்செயல் என்று நம்ப எனக்கும் கடினமாகத்தான் இருக்கிறது. மோரோ போன பிறகு கட்சியில் அவர் சார்ந்த பிரிவு பலமிழந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இது என் வாசிப்பு, ஆவணச் சான்று அல்ல. நீங்கள் எங்கேயாவது எழுதினால் அப்படியே குறிப்பிட்டு எழுதுங்கள்.

1992 தேர்தலில் தோற்றார். லஞ்ச ஊழல் விசாரணைகள் கட்சிகளைச் சாய்த்துக்கொண்டிருந்த வருடம்; இரண்டு வருடத்தில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியே கலைந்தது. ஆனால் 'மறைந்துபோனார்' என்று நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் ஏற்க மாட்டேன். 1988 முதல் 1994 வரை தேசிய ஆண் பெண் சமத்துவ ஆணையத்துக்குத் தலைவராக இருந்தார். 1998 இறுதியில் இத்தாலிய அரசு இன்னொரு விசாரணையை அவரிடம் ஒப்படைத்தது: 1938-இன் இனவெறிச் சட்டங்களிலிருந்து 1945 வரை இத்தாலிய யூதர்களிடம் பறித்த வீடு, நிலம், வங்கிக் கணக்கு, கடை, பாத்திரம் பண்டம் எல்லாவற்றுக்கும் என்ன ஆயிற்று என்று தேடுவது. எழுபது வயதைத் தாண்டியவர், மாகாண அலுவலகங்களிலும் வங்கிகளிலும் கிடந்த பறிமுதல் ஆணைகளைத் தேடித் தொகுக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கி, 2001 ஏப்ரலில் அறிக்கை தந்தார். 2016 நவம்பர் 1 அன்று சொந்த ஊரில் இறந்தார். இந்தக் கடைசி அறிக்கையை இன்று வரலாற்றாசிரியர்களைத் தவிர யாரும் படிப்பதில்லை. அவரைப் பற்றி மேலே தெரிந்துகொள்ள விரும்பினால், பி-2 கதைகளுக்குள் போகும் முன் அதிலிருந்து தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன்.